லட்டுக்கு அடியில் கஜலட்சுமி

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மேசையின் மேல் ஒரு வட்டம் இருந்தது.

பர்மா தேக்கு மேசை. மேலே மெல்லிய தூசு. அந்தத் தூசுக்கு நடுவே, ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு, பளபளவென்று ஒரு வட்டம். வட்டத்தின் மேல் இருக்க வேண்டிய தட்டைக் காணோம்.

முதலில் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியால் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்தால் தொலைந்தது திரும்பி வரும் என்று எனக்குள் யாரோ ஒருவர் நெடுநாளாக நம்பிக்கொண்டிருக்கிறார். அதுவும் பலிக்காததால், சுவரில் மாட்டியிருந்த ஜமீன்தாரின் ஆளுயரப் படத்தைப் பார்த்து, "நான் எடுக்கலை" என்றேன்.

அவர் நம்பவில்லை. அவர் வரையப்பட்ட நாளிலிருந்தே யாரையும் நம்பாத முகம்தான்.

மியூசியத்தில் தூசு இருக்கலாமா என்று கேட்பீர்கள். பழைய பொருளை அடிக்கடி துடைத்தால் தேய்ந்துபோகும், அதனால் அளவாகத்தான் துடைக்க வேண்டும் என்பது எங்கள் விதி. இருக்கிற விதிகளிலேயே நான் மனமுவந்து கடைப்பிடிப்பது அது ஒன்றுதான்.

பகலில் சிற்பம், மாலையில் சாம்பார்

திருச்சி கண்டோன்மென்ட் பக்கம் வேப்ப மரங்களுக்கு நடுவே அந்தப் பங்களா இருக்கிறது. ஒரு ஜமீன்தார் ஆசைப்பட்டுக் கட்டியது. அவர் வாரிசுகள் அதைக் கலைக்கூடமாக்கி ஊருக்குத் திறந்துவிட்டார்கள். மாடியில் செப்புத் திருமேனிகள், தஞ்சாவூர்ப் படங்கள், தந்தத்தில் சதுரங்கக் காய்கள். கீழே ஒரு பெரிய கூடம். அந்தக் கூடத்தை விசேஷங்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். டிக்கெட் விற்று வருவதை வைத்துக்கொண்டு கூரை ஒழுகலைக்கூட அடைக்க முடியாது என்பதுதான் காரணம்.

நான் அங்கே நிர்வாகி. காலையில் ஸ்கூல் பிள்ளைகளிடம் சோழர் காலத்துச் செப்பு வார்ப்பு பற்றிப் பேசுவேன். மாலையில் சமையல்காரரிடம், சாம்பார் அண்டாவை எந்தெந்த இடத்தில் வைக்கக் கூடாது என்று பேசுவேன். இரண்டாவது பேச்சுக்குத்தான் படிப்பு அதிகம் வேண்டும்.

ஒருமுறை பிறந்தநாள் விழாவுக்கு வந்த மேஜிக்காரரின் புறா தப்பித்து மாடிக்குப் போய், நடராஜரின் திருவாசியில் உட்கார்ந்துவிட்டது. அது இறங்குவதற்குள் பிறந்தநாள் கொண்டாடிய குழந்தைக்கு முழுப்பரீட்சையே வந்துவிட்டது. இன்னொரு முறை ஒரு அம்மாள் தன் கைப்பையைப் பார்வதியின் கையில் மாட்டிவிட்டு வளைகாப்புக்குப் பந்தியில் உட்கார்ந்துவிட்டார். கேட்டதற்கு, "கையை நீட்டிக்கிட்டே இருந்தாங்க சார், அதான்" என்றார். உண்மையில் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறார்.

கூடத்தை ஒட்டி ஒரு அறை. ஜமீன்தார் காலத்துச் சாப்பாட்டு மேசையை அன்று இருந்தபடியே அலங்கரித்து வைத்திருக்கிறோம். நாற்காலிகள், வெள்ளிக் கூஜா, ஒவ்வொரு நாற்காலிக்கும் முன்னால் ஒரு தஞ்சாவூர்த் தட்டு. பித்தளையில் செம்பும் வெள்ளியும் பதித்து, நடுவில் தெய்வ உருவம் புடைத்து நிற்குமே, அந்தத் தட்டு. அதில் யாரும் சாப்பிட்டதில்லை. கலெக்டர் துரை விருந்துக்கு வந்தால் அவர் கண்ணில் படுவதற்காக வைத்தது. சுற்றிலும் சிவப்புப் பட்டுக் கயிறு கட்டியிருக்கும்.

சனிக்கிழமை மாலை அந்தக் கயிறு இல்லை. விசேஷத்துக்கு வந்த போட்டோக்காரர் உள்ளே நுழைய வழி கேட்டார், நான்தான் அவிழ்த்துச் சுருட்டி என் மேசை டிராயரில் வைத்தேன்.

கோதை அக்கா

சனிக்கிழமை மாலை கூடத்தில் நடந்தது என் அக்கா மகளின் நிச்சயதார்த்தம்.

இந்தத் தொடரை முதலிலிருந்து வாசிப்பவர்களுக்குக் கோதை அக்காவைத் தெரியும். தெரியாதவர்களுக்கு: என்னைவிட நாலு வயது மூத்தவள், புத்தூரில் வீடு, சந்தேகம் என்ற சொல்லை அகராதியில் மட்டும் பார்த்திருப்பவள். அவள் மகள் வைதேகி. மாப்பிள்ளை முகுந்தன், ஸ்ரீரங்கம் உத்தர வீதி. இருவரும் பெங்களூரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தார்கள். ஜாதகம் பொருந்தியது தற்செயல் என்று இரண்டு வீட்டாரும் இன்றுவரை நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையை உண்டாக்க வைதேகி பட்ட பாடு எனக்குத் தெரியும். ஜோசியரைத் தேடிப் பிடித்ததே நான்தான்.

வட்டத்தைப் பார்த்தபடி அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, நேத்திக்கு இங்கேர்ந்து தட்டு ஏதாவது எடுத்தியா?"

"எடுத்தேனே. வரிசைத் தட்டு எண்ணிப் பார்த்தா ரெட்டைப்படையா வந்துடுத்து. ஒத்தைப்படையா இருக்க வேண்டாமோ? லட்டு வேற மீந்திருந்தது. பக்கத்து ரூம்ல மேசை மேல அழகா அடுக்கி வெச்சிருந்தே. அதுல ஒண்ணை எடுத்து, இலை நறுக்கிப் போட்டு, லட்டை வெச்சுட்டேன்."

"அது மியூசியத் தட்டுக்கா."

"நீதானேடா சொன்னே, பாத்திரம் பண்டமெல்லாம் ஹாலோட சேர்த்தின்னு."

சொன்னேன். சமையல் பாத்திரத்தைச் சொன்னேன்.

"சரி, இப்போ அது எங்கே?"

"என்னைக் கேட்டா? நீதானே சம்பந்தி கையில கொடுத்தே."

போனை வைத்துவிட்டுக் குடும்ப வாட்ஸப் குழுவைத் திறந்தேன். படம் இருந்தது. தாய்மாமன் என்ற மரியாதையில், தலைப்பாகையுடன், நான் லட்டுத் தட்டை மாப்பிள்ளையின் அப்பாவிடம் நீட்டுகிறேன். லட்டுக் குவியலுக்குக் கீழே தட்டின் விளிம்பில் வெள்ளி யாளி ஒன்று தெளிவாகத் தெரிகிறது. தினமும் அதற்குக் காலை வணக்கம் சொல்லாத குறையாக வேலை பார்ப்பவன், அதைக் கவனிக்கவில்லை. கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

படத்துக்குக் கீழே அக்கா பூங்கொத்து போட்டிருந்தாள்.

நாலு மணி

மறுபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். மாட்டிக்கொள்வதற்குள் போன் அடித்தது.

சென்னையிலிருந்து டாக்டரம்மா. ஜமீன்தாரின் கொள்ளுப்பேத்தி, குழந்தை வைத்தியர், எங்கள் அறக்கட்டளையின் தலைவர்.

"ரகு, கிளம்பிட்டேன். நாலு மணிக்கு அங்க இருப்பேன். கூட ஒருத்தர் வர்றார். புத்தகத்துக்குப் படம் எடுக்கணும்."

"எதைம்மா எடுக்கணும்?"

"சாப்பாட்டு மேசைதான். அப்படியே செட் பண்ணி இருக்கில்ல?"

"அப்படியேதான் இருக்கும்மா" என்றேன். ஒரு வட்டம் தவிர.

தட்டு இல்லையென்றால் என் வேலை போகும். அது ஒரு பக்கம். வரிசை மாற்றிய தட்டைத் திருப்பிக் கேட்டால் என்ன போகும் என்பது மறுபக்கம். எங்கள் பக்கத்தில் நிச்சயத்தில் மாற்றிக்கொண்ட தட்டைத் திரும்பக் கேட்பதும், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதும் ஒன்றுதான். வாயால் சொல்லத் தயங்குகிறவர்கள் தட்டால் சொல்வார்கள்.

ஸ்கூட்டரைக் கிளப்பினேன். காவிரிப் பாலத்தில் காற்று நன்றாக இருந்தது என்று இப்போது எழுதுகிறேன். அன்று தெரியவில்லை.

உத்தர வீதியில் காபி

கதவைத் திறந்ததும் மாப்பிள்ளையின் அம்மா பத்மா மாமியின் முகம் மாறியது.

"வாங்கோ. என்ன, நிச்சயம் ஆன மறுநாளே காலங்கார்த்தால பொண்ணாத்துலேர்ந்து ஒருத்தர் வந்து நின்னா எங்களுக்குத் திக்குங்காதா? எல்லாரும் சௌக்கியம்தானே?"

"சௌக்கியம் மாமி. பெருமாளைச் சேவிக்க வந்தேன். அப்படியே உங்களையும்..."

"எங்களையும் சேவிக்கலாம்னா? உக்காருங்கோ, காபி கொண்டு வரேன்."

சமையலறையிலிருந்தே பேசினார். "எதுக்குச் சொல்றேன்னா, என் ஒண்ணுவிட்ட அக்கா பொண்ணுக்கு இப்படித்தான். தட்டெல்லாம் மாத்தியாச்சு. மறுநாள் வந்து, ஒரு வெள்ளி டம்ளர் மாறி வந்துடுத்து, கொடுங்கோன்னா. அவ்வளவுதான். அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை. டம்ளர்தான் மிச்சம்."

காபி வந்தது. டம்ளரில்தான் வந்தது. நான் அதைத் தொடவில்லை.

"ஆனா உங்கக்காவைச் சொல்லணும்" என்றார் மாமி. "லட்டை எடுத்து, இலையை எடுத்தா, அடியில கஜலக்ஷ்மி. ரெண்டு பக்கமும் ஆனை. அப்படியே கண்ணுல ஒத்திண்டேன். ஒரு வார்த்தை சொல்லிக்கலை பாருங்கோ, லட்டுக்கு அடியில வெச்சுக் கொடுத்திருக்கா. பெரிய மனுஷத்தனம்னா அதான். ராத்திரியே வீதி பூரா வந்து பார்த்துட்டுப் போயாச்சு."

"தட்டை நானும் ஒரு தடவை..."

"மாமா எடுத்துண்டு போயிருக்காரே. பெரிய கடை வீதிக்கு. பேர் வெட்ட. வைதேகி முகுந்தன்னு போட்டுட்டா காலத்துக்கும் இருக்குமோல்லியோ?"

என் வாழ்க்கையில் பல கெட்ட செய்திகளை நின்றுகொண்டு கேட்டிருக்கிறேன். உட்கார்ந்து கேட்பது நல்லது என்று அன்று தெரிந்துகொண்டேன். நூறு வருஷத்துக்கு மேல் கீறல் படாத தட்டின் மேல் மின்சார ஊசியால் என் மருமகள் பெயர். "வை"யில் தொடங்குவார்கள். கஜலட்சுமியின் எந்தப் பக்கம் என்பதுதான் கேள்வி.

"காபி அப்படியே இருக்கே" என்றார் மாமி.

"கண்டிப்பா மாமி" என்று சொல்லிவிட்டு வாசலுக்கு ஓடினேன். எந்தக் கேள்விக்கு அது பதில் என்று இதுவரை தெரியவில்லை.

பாலத்தில் போன் அடித்தது. சம்பந்தி வரதராஜன். எடுக்கவில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் மறுபடி அடித்தது. எடுக்கவில்லை. நிச்சயத்தை முறிக்கிறவர் ஆள் எடுக்கும்வரை அடிக்கத்தான் செய்வார். எடுக்காதவரை கல்யாணம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். ஐம்பது வயதைத் தாண்டியவன் போடும் கணக்கு அது.

பேர் வெட்டும் கடை

பாத்திரக் கடை வாசலில் ஒருவர் எவர்சில்வர் குடத்தை மடியில் கவிழ்த்து வைத்து மெஷினால் பெயர் வெட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் பல்லில் கேட்டது. பக்கத்து ஸ்டூலில் சம்பந்தி. மடியில் மஞ்சள் பை. பைக்குள் வட்டமாக ஒன்று. குழந்தைக்கு ஊசி போட வரிசையில் காத்திருப்பவர் மாதிரி அதை அணைத்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு தடவை கூப்பிட்டேனே ஓய்" என்றார்.

"வண்டி ஓட்டிண்டிருந்தேன்."

"உக்காரும். ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கப்படாது."

தட்டைப் பையிலிருந்து பாதி உருவி, புரட்டிக் காட்டினார். பின்பக்கம் வெள்ளைப் பெயிண்டில், பொடி எழுத்தில், எங்கள் மியூசியத்தின் எண்.

"இது என்ன?"

"நம்பர்."

"நம்பர்னு தெரியறது. ரயில்வே கணக்குல காலம் தள்ளினவன் நான். ஒவ்வொரு ஸ்டேஷன்லயும் நாற்காலியைப் புரட்டி, ஃபேனை அண்ணாந்து பார்த்து, நம்பர் சரியா இருக்கான்னு டிக் போட்டவன். பின்னாடி பெயிண்ட்ல நம்பர் இருந்தா அது யாராத்துப் பாத்திரமும் இல்லை. பேர் வெட்ட எடம் தேடிப் புரட்டினா, இது கண்ணுல படறது."

நான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன்.

"நீர் அங்கே வேலை பாக்கறீர். உங்கக்கா பொண்ணுக்கு நிச்சயம். பெரிசா சீர் பண்ணணும்னு ஒரு ஆசை..."

"மியூசியத்துலேர்ந்து திருடி சீர் பண்ணிட்டேன்னு நெனச்சேளா?"

"நெனைக்கலை. ஆனா நெனைக்காம இருக்கறதுக்கு ரொம்பச் சிரமப்பட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். ஒத்தைப்படை, மீந்த லட்டு, டிராயரில் சுருட்டி வைத்த கயிறு, நாலு மணிக்கு வரப்போகும் டாக்டரம்மா. அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நானும் காலைலேர்ந்து இதையே வெச்சுண்டு முழிக்கறேன். திருப்பிக் கொடுத்தா சம்பந்தம் வேண்டாம்னு ஆயிடும். கொடுக்கலேன்னா திருட்டுச் சொத்து. பெருமாள் முன்னாடி வேற வெச்சுட்டோம்."

அப்போது குடத்தை முடித்துவிட்டு அந்த ஆள் எங்களைப் பார்த்தார். "சாமி, வெட்டவா வேணாமா? ஆளுங்க நிக்கிறாங்க."

"வேண்டாம்ப்பா" என்றார் சம்பந்தி.

"ஏன், பேரு மாறுதுங்களா?"

"மாறலை" என்றோம். இரண்டு பேரும் ஒரே குரலில். தெருவில் போன ஆட்டோக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

இனி வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். அவர் தட்டை நீட்டினார். நான் கையை நீட்டினேன். இருவருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. அவர் கொடுத்தால் கொடுத்ததாகிவிடும். நான் வாங்கினால் வாங்கியதாகிவிடும். அவர் பின்னால் இழுத்துக்கொண்டார். நான் கையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பெரிய கடை வீதியில், உச்சி வெயிலில், இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு தட்டைக் கொடுக்காமலும் வாங்காமலும் நின்றோம்.

கடைசியில் மாமிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில். எல்லாவற்றையும் சொன்னார். மறுமுனையில் குக்கர் ஒரு விசில் அடித்தது. இன்னொன்று அடித்தது.

"மியூசியத்துதா அது?" என்றார் மாமி.

"ஆமா."

"வீதி பூரா சொல்லிட்டேனே."

அந்தக் குரலைக் கேட்டதும் என் வேலை எனக்கு மறந்துபோனது. வைதேகியின் முகம் மட்டும் வந்தது. மூன்றாவது விசில்.

"சரி, யாரும் யாருக்கும் தர வேண்டாம். எடுத்துண்டு ஆத்துக்கு வாங்கோ. வரச்சே பால் வாங்கிண்டு வாங்கோ, நெறைய. அவர்கிட்டே சொல்லுங்கோ, நாலு மணிக்கு நாங்களே வரோம். ஞாயித்துக்கிழமை, நாலரைக்கு ராகுகாலம். அதுக்குள்ள வந்துடுவோம்."

"வீதில என்ன சொல்லப் போறே?" என்றார் சம்பந்தி.

"அதை நான் பார்த்துக்கறேன்."

அளவெடுத்த மாதிரி

சரியாக நாலு மணிக்கு டாக்டரம்மாவின் கார் உள்ளே வந்தது. அதற்குப் பின்னாலேயே ஒரு டாக்ஸி.

டாக்ஸியிலிருந்து முதலில் சம்பந்தி இறங்கினார். பிறகு மடிசார் புடவையில் மாமி. பிறகு உத்தர வீதி மாமிகள் இரண்டு பேர், மல்லிகைப் பூவோடு, பெருமாள் புறப்பாட்டுக்குக் கிளம்பிய முகத்தோடு. மாமியின் கையில் தட்டு. தட்டின் மேல் இலை. இலையின் மேல் திரட்டுப்பால், இன்னும் சூடு ஆறாமல், ஏலக்காய் மணத்தோடு. வெறும் தட்டு அவர்கள் வீட்டிலிருந்து வெளியே போகாது.

எல்லோரும் சாப்பாட்டு அறை வாசலில் சந்தித்துக்கொண்டார்கள். டாக்டரம்மா தட்டைப் பார்த்தார். மேசையில் வட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். குழந்தை வைத்தியர்கள் வாயைத் திறக்கச் சொல்லாமலே தொண்டையைப் பார்க்கத் தெரிந்தவர்கள்.

நான் சொல்லத் தொடங்கினேன். "அம்மா, நேத்திக்கு என்ன ஆச்சுன்னா..."

"நான் சொல்றேன்" என்று மாமி முன்னால் வந்தார். "எங்க சம்பந்தியாத்துலேர்ந்து வந்த தட்டு இது. இவர் பார்த்துட்டு, இது மியூசியத்துல இருக்க வேண்டியதுன்னு காலம்பறவே ஆத்துக்கே ஓடி வந்துட்டார். காபிகூடச் சாப்பிடலை. எங்களுக்கும், சரி, நாலு பேர் பார்க்கட்டுமேன்னு தோணித்து."

மாமி சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதை வீட்டுக்குப் போய் யோசித்தபோதுதான் கண்டுபிடித்தேன்.

டாக்டரம்மா விரல் நுனியால் கொஞ்சம் திரட்டுப்பால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். "பெரிய மனசும்மா உங்களுக்கு" என்றார். "உங்க கையாலயே வெச்சிடுங்க."

சம்பந்தி திரட்டுப்பாலை இலையோடு அலுங்காமல் எடுத்துக்கொண்டார். மாமி தட்டை வட்டத்தின் மேல் வைத்தார். ஒரு இழை விலகவில்லை.

"அளவெடுத்த மாதிரின்னா ஒக்காந்துடுத்து" என்றார் கூட வந்த மாமிகளில் ஒருவர்.

டாக்டரம்மாவோடு வந்த போட்டோக்காரர் விளக்கைச் சரிசெய்யப் போனார். மாமிகள் ஜமீன்தார் படத்தின் கீழே நின்று, அவர் மீசை யாரைப் போல இருக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னார்.

"ரகு. கயிறு."

"சரிம்மா."

"அப்புறம் தூசு."

"சரிம்மா."

அவ்வளவுதான். வேலை இருந்தது. இன்றும் இருக்கிறது.

சாயங்காலம் பெங்களூருக்குப் போகிற பஸ்ஸிலிருந்து வைதேகி பேசினாள். "மாமா, எல்லாம் ஓகேதானே? மாமி போன் பண்ணினா. உங்க மாமா ரொம்ப நல்லவர், ஆனா ஏன் அவருக்கு இப்படி வேர்க்கறதுன்னு கேட்டா."

"வெயில்னு சொல்லு" என்றேன்.

வழக்கம்

தை மாதத்தில் கல்யாணம், ஸ்ரீரங்கத்தில். முதல் நாள் சம்பந்திகளை எதிர்கொண்டு அழைத்து, எங்கள் பக்கத்திலிருந்து வரிசைத் தட்டுகள் கொடுத்தோம். இந்த முறை எல்லாம் அக்கா புதிதாக வாங்கிய எவர்சில்வர் தட்டுகள்.

சம்பந்தி வரதராஜன் முதல் தட்டை வாங்கினார். முகத்தில் ஒன்றும் இல்லை. தட்டைத் தலைக்கு மேலே தூக்கி, அண்ணாந்து, அதன் அடிப்பாகத்தை நிதானமாகப் பார்த்தார். பிறகு திருப்தியாகத் தலையசைத்து மாமியிடம் கொடுத்தார். அடுத்த தட்டு. அதற்கும் அப்படியே. வாத்தியார் மந்திரத்தை நிறுத்திவிட்டு மரியாதையாகக் காத்திருந்தார். நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். சிரிப்பு எனக்குத் தோளில் தொடங்கும். எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

ஜீயபுரத்துச் சித்தி அக்காவிடம் கேட்டது காதில் விழுந்தது. "என்னடி கோதை இது, அடியில எதைப் பாக்கறார்?"

அக்கா கண் சிமிட்டவில்லை. "அவாத்துச் சம்பிரதாயம் சித்தி."

போன மாதம் எங்கள் கூடத்தில் இன்னொரு நிச்சயதார்த்தம். முன்பின் தெரியாத குடும்பம். சாப்பாட்டு அறையில் பட்டுக் கயிற்றை இரட்டை முடிச்சு போட்டுக் கட்டிவிட்டு, கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டு மாற்றும் நேரம் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா முதல் தட்டை வாங்கி, தலைக்கு மேலே தூக்கி, அடியில் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். பழம் ஒன்று உருண்டு விழுந்தது. அவர் நிறுத்தவில்லை.

பந்தியில் பக்கத்தில் போய், "எதுக்கு சார் தட்டை அப்படிப் பாத்தீங்க?" என்று கேட்டேன்.

"பாத்துத்தான் வாங்கணும் சார்" என்றார் அவர். "ஸ்ரீரங்கத்துல பெரிய குடும்பங்கள்ல அப்படித்தான் வழக்கமாம். ஜீயபுரத்துல ஒரு அம்மா சொன்னாங்க."

"என்ன இருக்கும் அடியில?"

அவர் ரசத்தை உறிஞ்சிவிட்டு யோசித்தார்.

"அது அவங்களுக்குத்தான் தெரியும்" என்றார்.